எதிர்த்தட்டு

மேலப்புளியூரில் கோமதிநாயகம் கனத்துப்போனது முதன்முதலாக எலுமிச்சை மண்டியில்தான் தெரியவந்தது. மண்டியில் எடை போடுகிற ஆவுடையப்பனின் ஒரே மகன் அவன், கோவில்பட்டியில் இன்ஜினியரிங் முடித்து, நாலைந்து ஊர்களுக்கு இன்டர்வியூவுக்குப் போய்த் திரும்பி, வீட்டில் சும்மாதானே இருக்கிறான் என்று அப்பாவுக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுபோகச் சொல்லியிருந்தார்கள், அவனும் தூக்குவாளியோடு போய், வழியை மறித்துக் கிடந்த எடைமேடையில் ஒரு காலை வைத்து மறுகாலை எடுத்தான், அவ்வளவுதான், முள் ஒரு சுற்று சுற்றி முட்டி நின்றுவிட்டது. மெஷின் கெட்டுவிட்டது என்று ஆவுடையப்பன் ரிப்பேர்காரரை வரவழைத்தார். அவர் மூட்டைகளை ஏற்றிப் பார்த்துவிட்டு, மெஷினில் ஒரு குறையும் இல்லை என்றார். மறுபடி மகனை ஏறச் சொன்னார்கள். சட்டைக்குள் எலும்பு தெரிய நின்ற அந்த ஒல்லிப்பிச்சானுக்கு மறுபடியும் முள் சுற்றியது. மண்டியில் இருந்தவர்கள் எடையை நம்பிப் பிழைக்கிறவர்கள், எடையை அவர்கள் சந்தேகப்படுவதில்லை. "பையன் கனத்துட்டான் அண்ணாச்சி" என்று ஒருவர் சொன்னார், எல்லாரும் சரி என்று மூட்டை தைக்கப் போய்விட்டார்கள்.

எதிர்வீட்டு உலகேஸ்வரிக்கு இதை அவள் அம்மா கோலம்மாள்தான் வந்து சொன்னாள். சொல்லி முடித்து அம்மா மகளைப் பார்த்தாள், மகள் தான் உட்கார்ந்திருந்த கட்டிலைப் பார்த்தாள். கட்டில்கால்களுக்கு அடியில் தட்டையான கருங்கற்கள் கிடந்தன. இரண்டு பேரும் அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

உலகேஸ்வரி கனத்தது சென்னையில். கம்ப்யூட்டர் படிப்பு முடித்த கையோடு ஒரு கம்பெனியில் வேலை கிடைத்து, அறைக்கு ஐந்து பெண்கள் என்று ஒரு விடுதியில் படுத்தெழுந்து, தூக்கம் வராமல், வந்தாலும் காலையில் எழுந்திருக்கப் பிடிக்காமல், யாரிடமும் ஒரு சண்டையும் இல்லாமல், இன்னது குறை என்று சொல்ல ஒன்றும் இல்லாமல் மாதங்கள் போயின. ஒருநாள் அவள் தனியாக லிஃப்டில் ஏறிப் பொத்தானை அழுத்தினாள், கதவு மூட மறுத்து, பாரம் அதிகம் என்று மணியடித்தது. வெளியே நின்றவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள், உள்ளே அவள் ஒருத்திதான் நின்றாள். அதற்குப் பிறகு ஒன்பது மாடியும் படியேறித்தான் போனாள், படிகளில் கீறல் விழ ஆரம்பித்ததும் லீவு என்று சொல்லிவிட்டு ஊருக்கு ரயிலேறினாள்.

வீட்டுக்கு வந்த அன்று கட்டில்கால் மொசைக்கை உடைத்துக்கொண்டு இறங்கியபோது கோலம்மாள் ஏன், எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொல்லைக்குப் போய் அந்தக் கற்களைத் தூக்கி வந்து ஒவ்வொன்றாக அடியில் கொடுத்தாள், உடைந்த இடத்தில் பாயை விரித்தாள், "வெளிய மூச்சு விட்றாத" என்றாள். கற்கள் வழவழவென்று தேய்ந்திருந்தன. அவை எதற்காகக் கொல்லையில் தயாராகக் கிடந்தன என்று கேட்கவும் உலகுவுக்கு அப்போது தெம்பு இல்லை.

கோலம்மாளை ஊரில் எல்லாருக்கும் பிடிக்கும். லாரி ஓட்டும் புருஷன் பாதி நாள் வடக்கே இருந்தாலும் வீட்டை ஒரு குறையும் சொல்ல முடியாமல் நடத்துகிறவள், எந்த விசேஷ வீட்டிலும் முதல் ஆளாகப் போய்க் கடைசிப் பந்தி வரைக்கும் நின்றுகொண்டே பரிமாறுகிறவள். யாராவது நாற்காலியை இழுத்துப் போட்டு "உக்காருங்க மயினி" என்றால் "இருக்கட்டும், வேலை கெடக்கு" என்று சிரித்துக்கொண்டு நகர்ந்துவிடுவாள். அவள் மகளுக்கு வரன் வந்ததில் யாருக்கும் ஆச்சரியமில்லை. மாப்பிள்ளை கோவையில் பேங்க் வேலை. தை மாதம் நிச்சயம் என்று பேசி முடித்திருந்தது. பெண் ஏறி நிற்க வேண்டிய மணைக்குக் கோலம்மாள் தச்சரிடம் சொல்லி அடியில் இரும்புத் தகடு அடித்து வைத்திருந்தாள், ஈரத்துக்கு நல்லது என்று தச்சரிடம் காரணம் சொன்னாள்.

கோமதிநாயகத்துக்கு இந்த ஒளிவுமறைவெல்லாம் வேண்டியிருக்கவில்லை. ஆண்பிள்ளை கனத்தது மண்டியிலேயே அரங்கேறிவிட்டது, ஊர் அதைக் கையில் எடுத்துக்கொண்டது. முதலில் மினிபஸ் கண்டக்டர் "தம்பி, நீ நடந்தே வந்திரு, டயரு தாங்காது" என்று தன்மையாகச் சொன்னார். பிறகு ஆடிக்காற்றில் ஒரு கல்யாணப் பந்தல் பறக்கப் பார்த்தது, யாரோ ஓடிப்போய் நாயகத்தைக் கூட்டி வந்து பந்தல் கயிற்றை அவன் இடுப்பில் கட்டினார்கள், பந்தல் அசையாமல் நின்றது, பெண் வீட்டார் அவனுக்கு இலை நிறையப் போட்டார்கள். அதிலிருந்து காற்று அடிக்கிற பக்கமெல்லாம் அவனுக்கு அழைப்பு வந்தது. கொத்தனார்கள் வீடு கட்டுகிற இடத்தில் மண் நிரப்பி, திமிசுக்கட்டையால் இடிக்கிற வேலையை விட்டுவிட்டு, "நாயகம், ரெண்டு நடை நடந்துட்டுப் போடே" என்றார்கள், அவனும் குனிந்த தலையோடு முன்னும் பின்னும் நடந்தான், தரை பாறையாக இறுகியது. படித்துவிட்டு இருந்த பையனுக்கு ஒருவழியாக வேலை கிடைத்துவிட்டது என்று ஊரே சந்தோஷப்பட்டது. முன்பெல்லாம் பார்க்கிறவர்கள் எல்லாரும் "அடுத்து என்னப்பா?" என்று கேட்டார்கள், இப்போது யாரும் கேட்கவில்லை. அவனிடம் வேறு எதையுமே கேட்கவில்லை என்பதும் உண்மைதான், ஆனால் அது ஊருக்கு உறைக்கவில்லை.

உலகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவன் போவதையும் வருவதையும் பார்ப்பாள். பத்தாவது வரைக்கும் ஒரே வகுப்பில் படித்தவர்கள், அவன் அப்போது வகுப்பு முழுக்கச் சிரிக்கப் பேசுவான். இப்போது அவன் குதிகால் தரையில் விழுகிற விதத்தை வைத்தே இன்றைக்கு அவனுக்கு எப்படி இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது, அவள் குதிகாலும் அப்படித்தான் விழுந்தது.

ஊரில் இதற்கென்று ஒரு ஆள் இல்லாமலும் இல்லை. தாலுகா ஆஸ்பத்திரியில் வராந்தாவின் கடைசி அறையில் புதன்கிழமை தோறும் ஜெசிந்தா என்கிற ஆலோசகர் தென்காசியிலிருந்து பஸ்ஸில் வந்து உட்கார்ந்து, மனசு சரியில்லாதவர்களோடு பேசுவார். ஊர் அவருக்குப் பேசுற டாக்டரம்மா என்று பேர் வைத்து, பேசுவதற்கெல்லாம் கவர்மென்ட் சம்பளம் கொடுக்கிறதே என்று சிரித்துவிட்டு விட்டது. உலகு ஒரு மழைநாளில் அங்கே போனாள். வராந்தா முழுக்க ஈரத்துக்குச் சாக்கு விரித்திருந்தார்கள். கதவில் கை வைக்கப் போன நேரத்தில் ஊசி போடுகிற வரிசையிலிருந்து அடுத்த வீட்டு அத்தை "ஏட்டி உலகு, இங்க என்ன?" என்றாள். "அம்மாவுக்கு மூட்டுவலி மாத்திரை" என்று சொல்லிவிட்டு அவள் அப்படியே திரும்பி வந்துவிட்டாள்.

ஐப்பசி மழையில் மண் இளகியது. உலகு முற்றத்தில் கால் வைத்த இடமெல்லாம் குழியானது, கோலம்மாள் பால்காரர் வருவதற்கு முன்னே எழுந்து எல்லாக் குழியையும் மணல் போட்டு மூடினாள். எதிர்வீட்டில் மூட முடியவில்லை. நாயகம் கொல்லையில் முருங்கைமரத்துக்குப் பக்கத்தில் சாய்ந்து உட்காருவான், எழுந்திருக்க மனசில்லாமல் அப்படியே இருப்பான், மண் அவனைக் கணுக்கால் வரைக்கும் வாங்கிக்கொண்டது, பிறகு முழங்கால் வரைக்கும். ஆவுடையப்பன் மண்டியிலிருந்து மூட்டை தூக்குகிற செயின்கப்பியைக் கொண்டுவந்து மகனை மேலே இழுத்தார். இழுக்கும்போது அவன் கத்தவில்லை, உதவவும் இல்லை. "அடுத்த மழைக்கு இடுப்பு வரைக்கும் போயிருவான், பெறகு கப்பிக்கும் வரமாட்டான்" என்று அவர் மனைவியிடம் சொன்னது எதிர்வீட்டு ஜன்னல் வரைக்கும் கேட்டது. அவன் அம்மா சண்முகத்தாய் அன்றைக்கே கிருஷ்ணன் கோயிலில் மகனுக்குத் துலாபாரம் நேர்ந்துகொண்டாள். மகன் எடைக்கு வெல்லம் கொடுக்கிறேன், கண்ணா, இவனை மண்ணுக்கு மேலே வைத்திரு என்று வேண்டிக்கொண்டாள்.

கார்த்திகை மாதம் ஒரு புதன்கிழமை காலையில் துலாபாரம். கோயில் மண்டபத்தில் தேக்கு உத்தரத்திலிருந்து சங்கிலியில் தொங்குகிற தராசு அது, ஊரில் பிறந்த பிள்ளைகள் பாதிப்பேர் அதில் உட்கார்ந்து எழுந்தவர்கள். நாயகம் ஒரு தட்டில் உட்கார்ந்தான், தட்டு தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டது. எதிர்த்தட்டில் சண்முகத்தாய் வெல்ல மூட்டைகளை ஏற்றினாள். தராசு அசையவில்லை. மண்டிக்காரர்கள் எலுமிச்சை மூட்டைகளைக் கொண்டுவந்து வைத்தார்கள், சொசைட்டியிலிருந்து உரமூட்டை வந்தது, பெண்கள் வீட்டிலிருந்த அம்மிக்கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், ஒரு பெரியவர் தன் சைக்கிளைக் கூட ஏற்றிப் பார்த்தார், ஊர்க்காரர்கள் மனசில் கல்மிஷம் இல்லை, கொடுக்க முடிந்ததையெல்லாம் கொடுத்தார்கள். உத்தரம் முனகியதே தவிர எதிர்த்தட்டு மேலேயே நின்றது.

அப்போது தர்மகர்த்தா முன்னால் வந்தார். நல்ல மனிதர்தான், எதற்கும் ஒரு முடிவு சொல்லிவிட்டால் அவருக்கு நிம்மதி. "சண்முகத்தாயி, இது நம்ம கையில இல்ல" என்றார். "கண்ணன் இவனத் தன்கிட்ட உக்கார வச்சுக்கிட்டாரு. இங்கனயே இருக்கட்டும். சுத்தி ஒரு மேடை கட்டிருவோம். வேளாவேளைக்குச் சாப்பாடு கோயில்ல இருந்து வந்திரும்." கூட்டத்துக்கு இது பிடித்துப்போனது. பக்கத்து ஊர்களில் இல்லாத ஒன்று நம் ஊரில் இருக்கப்போகிறது என்று பேச்சு கிளம்பியது. யாரோ ஒரு மாலையை அவன் கழுத்தில் போட்டார்கள். இன்னொருவர் தேங்காயை உடைத்தார். சண்முகத்தாய் கையில் பிசுபிசுத்த வெல்லத்தோடு நின்றாள்.

நாயகம் மாலையைக் கழற்றவில்லை. அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு விஷயம் முடிந்துவிட்டது என்கிற ஆறுதல் அவன் முகத்தில் லேசாக வந்ததை உலகு பார்த்தாள். அந்த ஆறுதல் எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியும், காலையில் கண் விழிக்காமல் போனால் நல்லது என்று தோன்றுகிற நாட்களில் வருகிற ஆறுதல் அது.

அவள் கால் எடுத்து வைத்ததும் கோலம்மாள் மணிக்கட்டைப் பிடித்தாள். "ஏட்டி, வேண்டாம். தையில நிச்சயம் வச்சிருக்கு."

"அவன இங்கனயே விட்டுட்டுப் போயிருவாவம்மா" என்றாள் உலகு. "பூ போட்டு விட்டுட்டுப் போயிருவாவ."

கோலம்மாளின் பிடி உடனே தளரவில்லை. அவள் கண்ணில் நீர் நிறைந்தது, பிறகுதான் விரல்கள் விலகின.

உலகு தர்மகர்த்தாவிடம் போய் எதிர்த்தட்டில் இருப்பதையெல்லாம் இறக்கச் சொன்னாள். என்னத்துக்கு என்று அவர் கேட்டார், அவள் மறுபடி அதையே சொன்னாள். வேடிக்கை பார்க்கிற ஆசையில் பத்துப் பேர் சேர்ந்து எல்லாவற்றையும் இறக்கிவிட்டார்கள். ஏறுவதற்கு ஒரு முக்காலி போட்டார்கள், அவள் கால் வைத்ததும் அது மடார் என்று பிளந்தது. அவள் தலையைக் குனியாமல் இறக்கி வைத்த மூட்டைகள் மேல் கால் வைத்து ஏறினாள், அவள் காலடியில் எலுமிச்சை மூட்டைகள் நசுங்கிச் சாறு ஓடியது, கோயில் முழுக்க அந்த வாசனை. எதிர்த்தட்டில் அவள் உட்கார்ந்தாள்.

தட்டு மெதுவாக இறங்கியது. நாயகத்தின் தட்டு தரையை விட்டு எழுந்தது, இத்தனை மாதத்தில் முதல் தடவையாக அவன் கால் மண்ணில் படாமல் தொங்கியது. தராசு நேராக நின்றது, ஒரு நூல் இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. இரண்டு பேர் கண்ணும் ஒரே உயரத்தில் இருந்தன.

"உனக்கும் இருக்கா?" என்றான் அவன். ரொம்ப நாள் பேசாத குரல் கரகரத்தது.

"மெட்ராஸ்ல இருந்தே இருக்கு. ஒனக்கு?"

"கடைசிப் பரீட்சை எழுதிட்டு ஹாஸ்டல்ல பெட்டியக் கட்டுனேன். பெட்டிதான் கனக்குன்னு நெனச்சேன்." அவன் கழுத்து மாலையைப் பிடித்துக்கொண்டான். "எனக்கு மட்டும்தான்னு இருந்தேன் உலகு. கேவலமா இருந்துச்சு."

"எனக்கும்தான்."

அவன் அழுதான். மாலையோடு உட்கார்ந்து, ஊர் முழுக்கப் பார்க்க, மூக்கு ஒழுக அழுதான். கூட்டத்தில் நின்ற இளவட்டங்களில் சிலர் தங்கள் காலடியைக் குனிந்து பார்த்துக்கொண்டார்கள்.

இறங்குவதில்தான் சிக்கல் வந்தது. ஒருவர் முதலில் இறங்கினால் மற்றவர் தட்டு தரையில் போய் அறையும், எலும்பு மிஞ்சாது. தர்மகர்த்தா கையைப் பிசைந்தார். இரண்டு பேரும் ஒரே சமயத்தில்தான் இறங்க முடியும், அதற்கு இரண்டு பேருக்கும் மனசு வேண்டும். நாயகத்துக்கு மனசில்லை. "எறங்கி எங்க போக?" என்றான்.

"ஆஸ்பத்திரிக்கு. இன்னைக்குப் புதன்கிழமை."

"பேசுறதுக்கா?"

"நான் ஒரு தடவை வாசல் வரைக்கும் போயிருக்கேன். தனியாப் போக முடியல. நீ வந்தா போவேன்."

அவன் நேரம் எடுத்துக்கொண்டான். அவளும் அவசரப்படுத்தவில்லை, தராசு அப்படியே நின்றது, வெயில் மண்டபத்துக்குள் ஒரு தூண் அளவு நகர்ந்தது. கடைசியில் அவன் மாலையைக் கழற்றி அம்மாவிடம் நீட்டினான். பூசாரி மணியடிக்க, அந்த அடியோடு இருவரும் சேர்ந்து காலை ஊன்றினார்கள், இரண்டு தட்டும் வெறுமனே ஆடின.

ஆஸ்பத்திரிக்கு நடந்துதான் போனார்கள், எந்த வண்டியும் தாங்காது. மழை ஊறிய தார்ரோட்டில் அவர்கள் கால்தடம் பதிந்துகொண்டே வந்தது. ஊர் இரண்டு பக்கமும் நின்று பார்த்தது. மறுநாள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்தத் தடத்தில் கால் வைத்து வைத்துப் போனார்கள், பஞ்சாயத்தும் அதை மூடாமல் விட்டுவிட்டது. அன்றைக்குப் பாதி வழியில், கூடவே வந்த கோலம்மாளின் போன் அடித்தது. மாப்பிள்ளை வீட்டுக்கு அதற்குள் செய்தி போயிருந்தது, நிச்சயத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாமே என்றார்கள். "வச்சுக்கிடுங்க" என்று சொல்லிக் கோலம்மாள் போனை இடுப்பில் செருகிக்கொண்டாள், செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மகளுக்குப் பின்னால் நடந்தாள். நாயகத்தின் அப்பாவும் அம்மாவும் ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் நின்றுவிட்டார்கள்.

வராந்தாவில் இன்றைக்குச் சாக்கு இல்லை. சிமெண்டுத் தரையில், கடைசி அறையை நோக்கி, கால்தடங்கள் பதிந்திருந்தன. பெரிய பாதம், சின்னப் பாதம், செருப்போடு வந்தது, கம்பு ஊன்றி வந்தது, ஒன்றின் மேல் ஒன்றாக, உள்ளே போனவை ஆழமாகவும் திரும்பி வந்தவை ஆழம் குறைந்தும் இருந்தன. உலகு ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தாள். சாக்கின் நெசவோடு பதிந்த தன் தடத்தைத் தவிர இன்னொரு ஜோடித் தடமும் கதவு வரைக்கும் போய், உள்ளே நுழையாமல், போன அதே ஆழத்தோடு திரும்பியிருந்தது. இரண்டாம் விரல் பெருவிரல் மேல் ஏறிய பாதம், விரலில் மெட்டியின் வளையம் கூடப் பதிந்திருந்தது. அது உலகுவுக்குத் தெரிந்த பாதம், தீபாவளிக்குத் தீபாவளி அவள் மருதாணி வைத்துவிடுகிற பாதம்.

அவள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

"நீ பொறந்த வருசம்" என்றாள் கோலம்மாள். "பாளையங்கோட்டையில இருந்து மாசத்துக்கு ஒருக்க இந்த ரூமுக்கு ஒரு மனசு டாக்டர் வருவாரு. ஒன்னையத் தூக்குனா சந்தோசமே வரல. பயந்துபோயி வந்தேன். ஊசி போடுத எடத்துல நம்ம தெரு ஆளு நின்னாவ. திரும்பிட்டேன்."

"பெறகு?"

"பெறகென்ன. கல்லு வாங்கிப் போட்டேன்."

உலகுவுக்குக் கட்டிலடியில் வழவழத்த கற்கள் ஞாபகம் வந்தன, பந்தியில் நின்றுகொண்டே சிரிக்கிற அம்மா ஞாபகம் வந்தாள். அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஜெசிந்தா கதவைத் திறந்தார். வெளியே நின்ற மூன்று பேரையும் பார்த்து அவர் ஆச்சரியப்படவில்லை. "தனித்தனியா பேசுவோம், எல்லாருக்கும் நேரம் இருக்கு" என்றார். "மொதல்ல உள்ள வந்து உக்காருங்க."

உள்ளே நாற்காலியே இல்லை. சுவரோரமாக நீளக் கருங்கல் பெஞ்சு ஒன்று கிடந்தது, எத்தனையோ பேர் உட்கார்ந்து நடுவில் குழிந்திருந்தது. நாயகம் அதைப் பார்த்துத் தயங்கினான், அவன் வீட்டில் முறியாத இருக்கை ஒன்றும் பாக்கியில்லை.

"தாங்கும்" என்றார் ஜெசிந்தா.

அவன் உட்கார்ந்தான். பக்கத்தில் உலகு உட்கார்ந்தாள். கோலம்மாள் வாசல்படியில் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"நீங்களும் உக்காருங்கம்மா."

"இருக்கட்டும், நான் நிக்கேன்" என்றாள் கோலம்மாள் பழக்கத்தில்.

உலகு நகர்ந்து இடம் விட்டாள். கோலம்மாள் அந்த இடத்தைப் பார்த்தபடி நின்றாள். பிறகு செருப்பைக் கீழே போட்டுவிட்டு உள்ளே வந்து, முந்தானையை ஒதுக்கிக்கொண்டு, மகளுக்குப் பக்கத்தில் மெதுவாக, பாதி உட்கார்ந்து, அப்புறம் முழுசாக உட்கார்ந்தாள். பெஞ்சு தாங்கியது.